ஓங்கரித்தாள் பாறை

கட்டுமரத்தில் பாய் விரித்துப் போன அந்தக் காலத்திலே, தெற்கே சிப்பித்துறை என்று ஒரு கடற்கரை ஊர் இருந்ததாம். அந்த ஊரில் இஞ்ஞாசியம்மாள் என்று ஒருத்தி இருந்தாளாம். அழுகிறதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் ஊரே அவள் வாயைத்தான் பார்க்கும். மரத்தில் செய்த ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்துவார்கள். பவனி புறப்படும் முன், பன்னீரில் நனைத்த வெள்ளைத் துணியால் அந்தக் காயங்களைத் துடைக்க வேண்டும். துடைக்கிற உரிமை இஞ்ஞாசிக்கு மாமியார் வழியில் வந்தது. வேறொருத்தி அந்தத் துணியைத் தொட முடியாது. இவள் துடைப்பாள். துடைக்கத் துடைக்க ஒப்பாரி வைப்பாள்.

"ஐயோ என் ராசா, ஆணி தொளைச்ச காலே! சீழும் ரத்தமும் வடியுதே! என் நாக்கால நக்கி ஆத்த மாட்டேனா!"

ஆண்கள் மூக்கைச் சிந்துவார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். கோயில் முழுக்கப் பன்னீர் மணக்கும்.

கோயிலுக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில், கரையோரம் ஒரு ஓலைக்குடிசை. அதில் சூசைமரியான் கிடந்தானாம். இஞ்ஞாசியின் புருஷனோடு ஒரே மரத்தில் கடலுக்குப் போனவன்; அண்ணன் பெண்டாட்டி முறை வைத்து அவளை மைனி என்றுதான் கூப்பிடுவான். வலையில் வந்த திருக்கை மீன் அவன் காலில் வால்முள்ளை இறக்கிவிட்டது. கால் வீங்கியது, வெடித்தது, சீழ் வைத்தது, புழுவும் வைத்தது. நாற்றம் தாங்காமல் ஊர் அவனைத் தூக்கி அங்கே போட்டது. கஞ்சிச் சட்டியைத் துடுப்பால் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். பெரிய வெள்ளியன்று ஊரே ஒருசந்தி நோன்பு. சட்டியைத் தள்ளவும் ஆள் போகவில்லை.

அன்றைக்கும் இஞ்ஞாசி ஒப்பாரி எடுத்தாளாம். "நாக்கால நக்கி ஆத்த மாட்டேனா" என்று இழுத்தபோது, வடக்கேயிருந்து ஒரு குரல் வந்ததாம்.

"நாக்கு எதுக்கு மைனி! ஒரு செம்பு தண்ணி போதும்!"

கோயிலில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். இஞ்ஞாசிக்குத் தலைக்கேறியது. ஆண்டவர் செத்துக் கிடக்கிற நேரத்தில் இந்த நாறப் பயலுக்கு எகத்தாளமா? கையில் துணியும் பன்னீர்ச் செம்புமாக, அவனை நாலு கேள்வி கேட்க விறுவிறுவென்று போனாள்.

குடிசைக்குள் தலையை நீட்டினாள். அவ்வளவுதான். புழு நெளிகிற காலைப் பார்த்தாள், அந்த வாடை முகத்தில் அறைந்தது. ஓடிப்போய்ப் பக்கத்துப் பாறையில் கையை ஊன்றி ஓங்கரித்தாள். ஒருசந்தி வயிறு, வந்ததெல்லாம் வெறும் பித்தம். அந்தக் கசப்போடு அவள் பாடின பாட்டும் தொண்டையில் வந்து நின்றதாம். காலமெல்லாம் எதைப் பாடினோம்? எதை நக்குகிறேன் என்றோம்? அவளுக்கு அவள் நாக்கே அருவருத்தது.

"முடியலையா மைனி?" என்று உள்ளேயிருந்து கேட்டானாம்.

"முடியலைடா. குமட்டுது."

"எனக்குந்தான் குமட்டுது. நான் எங்க ஓட? என் காலுல்லா."

இஞ்ஞாசி எழுந்தாள். உள்ளே போனாள். தண்ணீர் கொடுத்தாள். பன்னீரை ஊற்றினாள், ஆண்டவர் துணியால் துடைத்தாள். வெளியே ஓடினாள், ஓங்கரித்தாள், திரும்ப உள்ளே போனாள். துடைத்தாள். மறுபடி ஓடினாள், ஓங்கரித்தாள், மறுபடி உள்ளே போனாள்.

துணி வராமல் பவனி நின்றுபோக, கோயில் காரியம் பார்க்கிற தொம்மை உபதேசியார் தேடி வந்தார், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"ஏட்டி, ஆண்டவர் துணியில புழுவைத் துடைக்கியா? இனி அந்த உரிமை ஒனக்குக் கிடையாது!"

"வேண்டாம் ஓய். மூக்குத் துண்டை எடுத்துட்டுப் பேசும். கல்வாரி மலையில வெயில்ல தொங்கின ஒடம்பு பன்னீராவா மணந்துது? அங்க நின்னிருந்தா நீரு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியிருப்பீரு. நானும் ஓடியிருப்பேன். இன்னைக்கு ஓட மாட்டேன்."

உபதேசியார் ஓடினார். பவனி வேறொருத்தி கையில் வேறு துணியோடு போனது. அந்த உரிமை இஞ்ஞாசிக்குத் திரும்ப வரவேயில்லை. சூசைமரியான் பாஸ்கா, உயிர்ப்புத் திருநாள், கழிந்து செத்தான். புழு இல்லாமல் செத்தான்.

அதற்கப்புறம் அவளுக்கு அருவருப்பு விட்டுப்போனதா என்றால், இல்லையாம். அம்மை கண்டவர், வயிற்றுப்போக்கில் கிடந்தவர் என்று யாரைக் கழுவினாலும் நடுவில் அந்தப் பாறைக்கு ஓடுவாள், ஓங்கரிப்பாள், திரும்பி வருவாள். சாகும்வரை அப்படித்தானாம்.

அதனால்தான் அது ஓங்கரித்தாள் பாறை. இன்றைக்கும் பெரிய வெள்ளியன்று ஆண்டவர் பாதத்தை முத்தமிட வரிசை நிற்கையில், கோயில் வாசலில் ஒருவர் எல்லார் கையையும் மோந்து பார்ப்பார். பன்னீர் மணக்கிற கை பின்னால் போக வேண்டும். நோயாளியைக் கழுவி, சீழும் மருந்தும் மணக்கிற கை முன்னால் வரலாம். இப்போது சில புண்ணியவான்கள் கருவாட்டுத் தண்ணியைக் கையில் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார்களாம். த்தூ!

பவனி அந்தப் பாறைக்கு வந்ததும் நிற்கும். அங்கே யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது. ராப்பகலாக அலை அதைக் கழுவுகிறது. இன்னும் பித்தம் கசக்கிறது என்கிறார்கள்.