டிராயிங் மாஸ்டர் வீட்டுத் தண்ணி

...பல்லு வெளக்குற பிரஷ்ஷு அண்ணாச்சி! பல்லு வெளக்குற பிரஷ்ஷு! நான் பாட்டுக்குப் பேஸ்ட்ட வச்சித் தேச்சிட்டுக் கண்ணாடியப் பாக்கேன், வாயெல்லாம் நீலம்! ஏங்க, இது என்னங்கன்னு கத்துதேன். தோட்டத்துல இருந்து சாவகாசமாக் குரல் வருது, "இண்டிகோ"ங்காவ. கடலுக்கு மேல தூறல் விழுற மாரி புள்ளி புள்ளியாத் தெறிக்கணுமாம். அவிய பிரஷ்ஷு தேஞ்சி போச்சாம், என்னுத எடுத்துக்கிட்டாவளாம். சரி, எடுத்தா எடுத்தீய, திருப்பி அங்கனயே வைக்காம இருந்திருக்கலாம்லா? "நல்லாக் கழுவுனேனே"ங்காவ! நேத்து முழுக்க நான் வாயே தொறக்கல அண்ணாச்சி. யோசிச்சிப் பாருங்க, நான் வாய் தொறக்காம ஒரு நாளு!

அட, கேட்டு வாசல்லயே ஏன் நிக்கிய? உள்ள வாங்க, இங்கன வாங்க. டு-லெட் போர்டப் பாத்துத்தான வந்திய? மாடிதான். சாவி உள்ள இருக்கு, எடுத்துத் தாரேன், இந்தச் செடிக்கு ரெண்டு செம்பு ஊத்திருதேன்... அய்யோ, அந்த ஸ்டூல்ல இருந்திராதிய! வெள்ள வேட்டி! அதுல எப்பம் என்ன கலரு இருக்கும்னு கடவுளுக்கே தெரியாது. இந்தச் சேர்ல இருங்க.

மாடி அம்சமா இருக்கும். காத்து பிச்சிக்கிட்டு அடிக்கும், துறைமுகத்துல நிக்கிற கப்பலு வரைக்கும் தெரியும். நிலக்கரித் தூசியும் கொஞ்சம் வரும், பொய் சொல்லக் கூடாது. தண்ணியா? தண்ணியப் பத்தி மட்டும் கேக்காதிய. அந்த ஒரு வார்த்தையால என் மக கலியாணம் நடுவழியில நிக்கு.

ஆமா அண்ணாச்சி. தெரியாத மனுசர்ட்ட சொல்லுதேன்னு நெனைக்காதிய, குடி வரப்போறவிய, நாளைக்கி எப்படியும் தெரியத்தான போவுது. எங்க வீட்டுக்காரவ டிராயிங் மாஸ்டரு. சிவனணைந்தபெருமாள் சாருன்னா ஊருல பாதிப் பேருக்குத் தெரியும், அவியகிட்ட காதுத் திருகு வாங்குனவனுவ. ரிட்டயர்டு ஆனப் பொறவும் படந்தான், வாட்டர் கலரு. ஆயில் பெயிண்ட்டு கையால தொட மாட்டாவ. துறைமுகத்துக் கிரேனு, உப்பளம், மழைக்கி முந்துன வானம், எல்லாம் தண்ணியில கரைச்சி அப்படியே எறக்கிருவாவ. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒண்ணுல மாட்டி வச்சிருக்காவ, நானே போயிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. வீட்டுல சொல்லல, சொன்னா நிலத்துல நிக்க மாட்டாவ.

எங்களுக்கு ஒரே பொண்ணு, சண்முகப்ரியா. திருநெல்வேலியில பிசியோதெரபி பாக்கா. மாப்பிள்ள சிவப்பிரகாஷ், இங்கன துறைமுகத்துல இஞ்சினியரு, சொந்த ஊரு உடன்குடி, குடும்பமே கருப்பட்டி யாவாரம். பொண்ணு பாக்க வந்தாவ. அந்தப் பையன் எம்பொண்ணப் பாத்ததும் கேசரிய ஸ்பூன்ல எடுத்தவன் வாயில வைக்க மறந்துட்டான்! அப்படியே தூக்கிப் புடிச்சிட்டே இருக்கான், என்னமோ ஆரத்தி காட்டுற மாரி. இவளுக்கும் பிடிச்சிப் போச்சி. போன்ல பேசிச் சிரிக்கா. யாருளான்னு கேட்டா பேஷன்ட்டுங்கா. எந்த முதுகுவலிக்காரன், "ஒனக்கு மாம்பழக் கலரு சேலை நல்லாருக்கும்"னு சொல்லுதான்?

எல்லாம் பேசி முடிச்சாச்சி, தாம்பூலம் மாத்த நாள் குறிக்க வேண்டியதுதான். திடீர்னு, "பொறவு சொல்லுதோம்"னுட்டாவ. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. தரகரப் புடிச்சி உலுக்குனேன். அவரு தரையப் பாத்துக்கிட்டே சொல்லுதாரு, "அம்மா... சாரு தண்ணியாமே?"

தண்ணி! எங்க சாரு! அண்ணாச்சி, உடன்குடியில என் அண்ணன் வீட்டுல ஒரு தடவ பதனி குடுத்தாவ. லேசாப் புளிச்சிருந்துச்சி போல. ஒரு டம்ளருதான். அன்னைக்கி மத்தியானம் பூரா ஒரு பனைமரத்துக்கிட்ட நின்னு, "ஒன்னய நான் சரியா வரையல, மன்னிச்சிரு"ன்னு அழுதாவ. அப்படியாப்பட்ட மனுசன் தண்ணியாம்! எம்மக மூஞ்சியப் பாக்க முடியல. அந்தப் பையன் இன்னும் போன் பண்ணத்தான் செய்யுதான், ஆனா பெரியவிய சம்மதிக்காம வர மாட்டான். இவளும் கூப்பிட்டாப் போக மாட்டா. ரெண்டு பேரும் மரியாதையான புள்ளைக, அதான் சிக்கலே!

சொன்னது யாருன்னு கேக்கேன், தரகரு, "ஒங்க பக்கத்துலருந்து ஒரு பொம்பளதான் சொன்னாளாம்"ங்காரு. எனக்கு வேற ரோசனையே இல்ல. அந்தா, எதுத்த வீடு, பச்சை கேட்டு, உமாராணி! அவளுக்கும் ஒரு பொண்ணு இருக்கு, அதுக்கும் மாப்பிள்ள தேடுதா. நடுத்தெருவுல நின்னு, "எம்மக வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியேளா"ன்னு நல்லாக் குடுத்தேன். அவ, "மைனி, நான் சொல்லல மைனி"ன்னு கண்ணுல தண்ணி விடுதா. நடிப்பு! அவ தந்த முருங்கக்கன்ன வேரோட புடுங்கி அவ வாசல்லயே போட்டுட்டேன். அன்னையில இருந்து பேச்சி கெடையாது. பாருங்க, சன்னல்ல நிக்கா. பாக்காதிய பாக்காதிய! நாம அவளப் பத்தித்தான் பேசுதோம்னு தெரிஞ்சிரும்.

இந்தத் தோட்டமா? நல்லாருக்குல்லா? எல்லாம் நான் வச்சது. ஆனா ஒண்ணையாவது பறிச்சித் திங்க விடுதாவளா? "இரு, வரைஞ்சிக்கிடுதேன்"! அந்தக் கத்திரிக்காயப் பாருங்க, முத்தி, மஞ்சளாப் போயி, வெதை பிடிச்சிட்டு. அவிய இன்னும் காம்போட நெழலுக்கே வந்து சேரல. பப்பாளி ஒண்ணு ஜம்முனு பழுத்திச்சி. வரைஞ்சி முடிக்கதுக்குள்ள அணில் பாதியத் தின்னுட்டு. நான் அணில வெரட்டப் போறேன், "இரு இரு, அணிலும் நல்லாருக்கு"ங்காவ! குழம்புக்குக் கல்லுப்பு எடுக்கப் போனா டப்பா காலி. ஈரக் கலருல உப்பத் தூவுனா பனி மாரிப் பூக்குமாம். தூத்துக்குடியில என்னிக்கிங்க பனி பேஞ்சிருக்கு?

தண்ணி கதைக்கி வாரேன். நம்ம வீட்டுப் போர்த் தண்ணி உப்பு. அதுல வரைஞ்சா காஞ்சப் பொறவு வெள்ள வெள்ளையாப் படியுதாம். அதனால படத்துக்கு நல்ல தண்ணி, கேன் தண்ணி! சாம்பாருக்குப் போர்த் தண்ணி! போன வாரம் சாம்பாரு கரிக்குன்னு தட்டத் தள்ளுதாவ. படத்துல போயிக் குடிங்கன்னேன்.

அந்தா பாருங்க, கொய்யா மரத்தடியில, பின்னால பின்னால நடக்காவ பாத்தியளா? தள்ளாடுதாவளே... ஏங்க, வாளி! பின்னால வாளி! ...ம்ஹூம், காதுல விழாது. தூரத்துல நின்னு படத்தப் பாக்கணுமாம், அதுக்குத்தான் அந்த நடை. வெயில உத்துப் பாத்து உத்துப் பாத்துக் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். இதத் தெருவுல போறவன் பாத்தா என்ன நெனைப்பான், நீங்களே சொல்லுங்க? நீங்க என்ன நெனச்சிய? சும்மா சொல்லுங்க. சரி, வேண்டாம்.

நான் யாருகிட்டயும் வீட்டு விசயத்த வாய் தொறந்து பேசுற ஆளு இல்ல அண்ணாச்சி. ஏன் சிரிக்கிய? நெசமாத்தான். கடைசியா ஒரு மனுசிகிட்ட ஆற அமரப் பேசுனதுன்னா, அது திருச்செந்தூர் வழியா உடன்குடி போற பஸ்ல. பொண்ணு பாத்துட்டுப் போன மறு வாரம். முருகனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வருவோம்னு போனேன். நம்ம முக்குலயே ஏறுனா ஒரு அம்மா, எம்பக்கத்துல வந்து இருந்தா. உடன்குடிக்கி டிக்கெட் எடுத்தா. தங்கமான பொம்பள! ஒங்கள மாரியேதான், ஒரு வார்த்த குறுக்க பேசல. "சாரு ரிட்டயர்டு ஆயி வீட்டுல சும்மாத்தான் இருக்காவளா?"ன்னு மட்டுந்தான் கேட்டா.

சும்மாவா! நான் சொன்னேன், "அந்தக் கொடுமைய ஏன் கேக்கிய? காலையில ஒரு குவாட்டர முடிச்சாத்தான் அவியளுக்குக் காப்பியே எறங்கும். சாயங்காலம் வெயிலு சாஞ்சா ஒரு ஆஃபு. ஞாயித்துக்கெழம ஃபுல்லுதான், அன்னைக்கிச் சோத்துக்குக் கூப்பிட்டாக் கூட வர மாட்டாவ. ஒரு நாளு இல்லன்னாலும் கை நடுங்கும். கூட்டாளி ஒருத்தரு ஃபாரின் சரக்கு கொண்டாந்து குடுத்தா, பீரோவுல வச்சிப் பூட்டி, அப்பப்பம் எடுத்து மோந்து மோந்து பாப்பாவ"ன்னேன். அந்த அம்மா வாயில முந்தானைய வச்சிக்கிட்டா. "பொம்பளப் புள்ள இருக்க வீட்டுலயா?"ன்னா. "நல்லாக் கேட்டிய! அவதான சின்னதுல இருந்து ஊத்திக் குடுப்பா, இப்பம் அவளுக்கும் பழகிப் போச்சி. லீவுல அப்பாவும் மகளும் சேந்து இருந்தா எந்திரிக்க மாட்டாவ, நாந்தான் கெடந்து கத்தணும்"னேன். ஆத்தூரு வந்துச்சி. வெத்தல வாங்கணும்னு மடமடன்னு எறங்கிட்டா. உடன்குடிக்கி டிக்கெட் எடுத்தவ எதுக்கு ஆத்தூர்ல...

என்ன அண்ணாச்சி, இருமுதிய? தண்ணி தரட்டா? என்னத்த குவாட்டரான்னு கேக்கிய? காயிதம்! படம் வரையுற காயிதம்! பெரிய காயிதம் ஃபுல் ஷீட்டு, அத ரெண்டாக் கிழிச்சா ஆஃப் ஷீட்டு, நாலாக் கிழிச்சா குவாட்டர் ஷீட்டு. ஃபாரின் காயிதத்துல பஞ்சு வாசம் வரும், அத மோந்து பாக்கது. ஊத்திக் குடுக்கதுன்னா மக்குல தண்ணி ஊத்திக் குடுக்கது. எங்க வீட்டுல யாரு ஷீட்டு ஷீட்டுன்னு நீட்டிச் சொல்லிட்டு இருக்கா? குவாட்டருன்னா குவா...

...

அண்ணாச்சி.

நான் அந்த அம்மாகிட்ட "படம்"னு சொன்னேனா? சொல்லிருப்பேன். சொல்லிருப்பேன்லா? முக்குல ஏறுனா... சாருன்னு அவளே ஆரம்பிச்சா... நான் நேராக் காலையில குவாட்டருன்னு... அய்யோ. படம்னு எங்கயும் வரலியே! காயிதம்னும் வரலியே! அய்யய்யோ, "ஒங்க பக்கத்துலருந்து ஒரு பொம்பள" நாந்தானா? பொண்ணுக்கும் பழக்கம்னு வேற சொல்லிட்டேனே! பெத்த தாயி, பஸ்ல வச்சி, கண்டக்டர் முன்னால!

நீங்க ஏன் எந்திரிக்கிய? இருங்க. ஏன் என்னய அப்படிப் பாக்கிய? அந்த அம்மாவ ஒங்களுக்குத் தெரியுமா? ...தங்கச்சியா? அப்பம் நீங்க? மாப்பிள்ளைக்கிப் பெரியப்பாவா! பொண்ணு பாக்க அன்னைக்கி நீங்க ரெண்டு பேரும் வரலியே! மாடி பாக்க வரலியா? வந்ததுமே ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? நான் எங்க விட்டேன்... அதுவும் நெசந்தான். சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, நீங்களே பாத்தியள்லா? அந்தா நிக்காவ, பிரஷ்ஷோட நிக்காவ! ...என்னது? படம் வரையுறவன் குடிக்க மாட்டான்னு சட்டம் இருக்கான்னு கேக்கியளா? இல்லதான். அக்கம் பக்கம் ஒரு வார்த்த கேட்டுக்கிடுதியளா? கேளுங்க, தாராளமாக் கேளுங்க. இந்தத் தெருவுல எந்த வீட்டுல வேணும்னாலும்...

அங்க எங்க போறிய? அண்ணாச்சி, இந்தப் பக்கம் ஜெயகணேஷ் அண்ணாச்சி கடை இருக்கு, நல்ல மனுசன்! அந்தப் பச்சை கேட்டு வேண்டாம்! அய்யோ, தட்டிட்டாவளே. தொறந்துட்டாளே! ஏங்க, பாழாப்போன அந்தக் கத்திரிக்காய விட்டுட்டு ஓடியாங்க! குடி முழுகுது!

ஏளா உமா! உமாம்மா! என் தங்கம்லா! அன்னைக்கி நான் பேசுனது பூராவும் வாபஸ்ளா! நீ ஒண்ணும் சொல்லல, நாந்தான் சொன்னேன், என் வாயாலதான் சொன்னேன்! அந்தப் பெரியவிய சாரப் பத்திக் கேப்பாவ, உள்ளத உள்ளபடி சொல்லு! இல்ல, இல்ல, உள்ளபடி சொல்லிராத! தண்ணிங்கிற வார்த்தையே எடுக்காத! வாட்டர் கலருன்னு இங்கிலீசுலயே சொல்லுளா!

சிரிக்கா. இடுப்புல கைய வச்சிக்கிட்டுச் சிரிக்கா. என்னமோ கைய நீட்டிச் சொல்லுதா... வானத்தக் காட்டுதா, அவிய தீட்டுற மாரிக் காத்துல தீட்டிக் காட்டுதா... அண்ணாச்சியும் தோளு குலுங்கச் சிரிக்காவளே! முருகா! போன எடுத்துட்டாவ. யாருக்கு? தங்கச்சிக்கா? அண்ணாச்சி! சொல்லும்போது முழுசாச் சொல்லுங்க! ஃபுல்லு இல்ல, ஃபுல் ஷீட்டு! ஆஃப் ஷீட்டு! ஷீட்டு அண்ணாச்சி, ஷீட்ட மட்டும் விட்டுராதிய!