நான்காவது மணி வரை

தலைமை ஏற்றிருக்கும் ஐயா பழனியப்பன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகிகளே, கிள்ளானிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் நெரிசலில் சிக்கி, பார்க்கிங் தேடி அலுத்து, பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்த நண்பர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் வெரோனிகா அக்கா, மகள் வனேசா, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் தொலைபேசி அஞ்சல் வட்டத்தின் நிறுவனர், வெரோனிகா அக்காவின் கணவர், கண்ணாடிக்கடை கிரிகரி ஐயா இன்று நம்மிடையே இல்லை. எத்தனை பேருடைய கண்ணுக்கு அளவு பார்த்தவர்! எத்தனை பேருடைய மோடத்துக்கு அளவு பார்த்தவர்!

வனேசாவின் தோழிகளுக்காகச் சொல்கிறேன். இணையம் வீட்டுக்கு வராத காலத்தில், ஒரு கணினி மோடம் வழியாக இன்னொரு கணினிக்குப் போன் போட்டு, கடிதங்களைக் கொடுத்துவிட்டு, வந்திருப்பதை வாங்கிக்கொள்ளும். ஐயா வீட்டுக் கணினிதான் எங்கள் அஞ்சலகம். இணையம் வந்த பிறகும் எங்களில் சிலர் அதை விடவில்லை. ஏன் விடவில்லை? பிடிவாதம்தான், வேறென்ன!

அந்தப் பிடிவாதத்துக்கு வீடு வீடாகப் போய் உயிர் கொடுத்தவர் அவர். டெங்கிலில் திருச்செல்வத்தின் மோடம் இணைவதும் அறுவதுமாக இருந்தது. போனில் வழி சொல்லலாம் என்றால், போன் லைனே மோடத்தில் மாட்டியிருக்கிறது! நேரில் போனார். திருச்செல்வம் என்ன செய்துகொண்டிருந்தார்? மோடம் வேலை செய்கிறதா என்று பார்க்க, நிமிடத்துக்கொரு தரம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்! எடுத்தால் இணைப்பு அறுந்துபோகாதா? ஐயா திட்டவில்லை. ரிசீவரைப் பக்குவமாக வாங்கி வைத்துவிட்டு, லைனில் இரைச்சலும் இருந்ததால் மோடத்தின் வேகத்தைக் குறைத்தார். “மெதுவா போனா என்ன லா, முழுசா போய்ச் சேரணும்” என்றார்.

வட்டத்தில் சேரும் எல்லோருக்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். மோடத்தின் ஒலியை அணைக்கக் கூடாது. அவர் வீட்டில் ஒரே லைன். மணி அடித்தால் அக்காவும் எடுக்கலாம். அக்கா ஹலோ சொல்வது நம் மோடத்தில் கேட்டால், உடனே ரிசீவரை எடுத்து நலம் விசாரிக்க வேண்டும். இதுதான் எங்கள் வட்டத்தின் மரியாதை.

அடக்கம் நடந்த வாரத்தில் இடி விழுந்து ஐயாவின் மோடம் எரிந்துபோனது. நம் லோகன் புதிதாக ஒன்றை மாட்டினார். ஆனால் மோடமே அழைப்பை எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டார். முதல் மணியிலேயே அது முந்திக்கொண்டது. அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஈப்போவிலிருந்து வனேசா போட்ட போனுக்குக் கீச்சென்ற சத்தம்தான் பதில்!

அக்கா மனம் நொந்து லைனையே வெட்டச் சொன்னார். “மணி அடிச்சா அவருக்குத்தான்னு தோணுது தம்பி. இனி எதுக்கு அது?” என்று கேட்டார். லைன் போனால் வட்டமும் போயிற்று.

வெட்டுவதற்கு முன் செய்த தவற்றையாவது திருத்துவோம் என்று, மோடம் தானாக எடுப்பதை லோகன் நிறுத்தினார். இனி ஐயாவின் அஞ்சல் மென்பொருள்தான் மணியை எண்ணி எடுக்கும். சோதிக்க நான் கைப்பேசியில் அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து புறப்பட்டுவிட்டார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் நடை எப்படி என்று உங்களுக்கே தெரியும். அவர் வந்து ரிசீவரில் கை வைத்தபோது நான்காவது மணி அடித்தது.

மென்பொருளைத் திறந்து பார்த்தோம். நம் எல்லோருக்கும் இரண்டு மணி அடித்ததும் எடுக்கும்படி வைத்துக் கொடுத்தவர், தம் வீட்டில் மட்டும் நான்கு முடியட்டும் என்று வைத்திருந்தார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வந்து சேர்ற வரைக்கும் அதைப் பொறுக்க வச்சிருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல” என்றார். அழுதார். நானும் அழுதேன். பிறகு, “லைன் இருக்கட்டும் தம்பி” என்றார்.

லைன் இருக்கிறது, நண்பர்களே! வட்டம் இருக்கிறது! கம்போங் மேடானில் புனிதா புதிதாகச் சேர்ந்திருக்கிறார். இனி உங்கள் மோடங்களைப் பார்க்க லோகனும் நானும் வருவோம். ஐயா அளவுக்குப் பொறுமை எனக்குக் கிடையாது, திருச்செல்வம் ரிசீவரைத் தொடாமல் இருந்தால் போதும். அந்தப் பெருமகனுக்கு நாம் செய்யும் அஞ்சலி இதுதான். நாளையிலிருந்து முறை வைத்துக்கொண்டு அழையுங்கள். ஒலியை அணைக்காதீர்கள். நான்கு மணியும் அடித்து முடியும்வரை பொறுங்கள். அதற்குள் அக்கா ஹலோ சொன்னால், கடிதம் காத்திருக்கட்டும். ரிசீவரை எடுத்துப் பேசுங்கள்.