அப்பாவு வயலில் இறங்கிய குலைநோய்

என் உரக்கடைக்கு வருகிற யாரையும் நான் நிற்கவைத்துப் பேசியதில்லை, சார். முதலில் ஸ்டூல், பிறகு டீ. மண்ணூரில் இந்தச் சுப்பராயனைப் பற்றி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

2002இல் சுற்றியிருந்த நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. அப்பாவு மட்டும் தன் ஒன்றரை ஏக்கரை விடவில்லை. வேலைக்கு வந்து குவியும் தெற்கத்திப் பையன்களுக்கு ஹாஸ்டல் கட்ட அதைக் கேட்டேன். "நெல்லு வெளயுற வரிக்கும் குடுக்க மாட்டேன் தம்பி" என்றார். விளையாவிட்டால் கொடுப்பார் என்றுதானே அர்த்தம்?

நான் விவசாயக் கல்லூரியில் பயிர்நோய் படித்தவன். நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சை முரடு இல்லை. இலையைத் துளைத்து உள்ளே போனதும் சில புரதங்களைக் கசியவிடும். ஆபத்து என்று பயிர் கூச்சல் போடவேண்டிய நேரத்தில் அவை அதன் வாயைப் பொத்திவிடும். நாலைந்து நாள் இலை பச்சையாகவே நிற்கும். தன்னைத் தின்கிறவனுக்குத் தானே சோறு போடும். எவ்வளவு நாசூக்கு, பாருங்கள். எனக்கு அதன்மேல் அப்போதிருந்தே மரியாதை.

மணிமங்கலம் பக்கம் நோய் கண்ட வைக்கோலை ஒரு சாக்கில் அள்ளிவந்து, மார்கழியில் ஒரு சாயங்காலம் அவர் வரப்போரம் உதறினேன். மீதியைப் பனியும் காற்றும் பார்த்துக்கொண்டன.

அடுத்த வாரம் அப்பாவு புள்ளி விழுந்த இலையோடு கடைக்கு வந்தார். "இன்னா தம்பி இது, கண்ணு கண்ணா கீது?"

"சத்துக் கொறவுண்ணே. யூரியா போடுங்க."

யூரியா அந்தப் பூஞ்சைக்கு விருந்து. மூட்டையை என் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கினேன். கதிர்கள் கழுத்தொடிந்து பதராய்த் தொங்கின. தை முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி கங்கம்மாள் இப்போது அதே இடத்தில் ஹாஸ்டல் பையன்களுக்கு இட்லி ஊற்றுகிறார். அந்த வேலையும் நான் போட்டுக் கொடுத்ததுதான்.

அவர்கள் மகள் அறிவுமதி அன்றைய இலையை நோட்டுக்குள் வைத்திருந்ததும், என் கல்லூரியிலேயே சேர்ந்து அதை வாத்தியாரிடம் காட்டி, குலைநோய் என்று தெரிந்துகொண்டதும் எனக்குத் தெரியாது. கெட்டிக்காரப் பெண். புகார் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை.

ஆனால் உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் அப்பாவு எனக்காகச் சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் குரல் இங்கே வரை கேட்கிறது. "எம் பொண்ணுக்கு இன்னா தெரியும் சார்? சுப்பராயன் தங்கமான ஆளு. மூட்டய அவரே வண்டில எட்தாந்து குட்த்தாரு."

எழுதிக்கொள்ளுங்கள், எல்லாம் செய்தது நான்தான். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள், சார். ஊரில் அந்த மனிதருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?