சபாவுக்குக் கொண்டுபோன மாதிரி நாற்காலி

என் பெயர் சிவஞானம், வயது 43, தகப்பனார் பெயர் அய்யாத்துரை, குடியிருப்பு புது டெல்லி முனிர்காவில் ஒரு வாடகை மாடி அறை. மாயாபுரியில் திருமதி சாந்தகுமாரி நடத்தும் இரும்பு நாற்காலிப் பட்டறையில் மேலாளராக இருக்கிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

2003-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டு நாற்காலிகள் எங்கள் விலையில் முக்கால் பங்குக்கு விற்றன. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதன் பேரில் சாந்தகுமாரி அந்த நாற்காலி ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து, வெல்டிங்குக்குப் பதில் போல்ட்டுப் போட்டு, மெல்லிய குழாயில் அச்சு அசலாக அதே போலச் செய்யச் சொன்னார். செய்தோம். விலையும் அவர்களுக்குச் சமமாக இறங்கியது. எனக்கு அதில் பெருமைதான். கால் நுனி ரப்பர் மட்டும் அவர்களுடையது கறுப்பு, எங்களுடையது சாம்பல்.

அதன் பிறகு ஆர்.கே.புரத்தில் ஒரு சபா தன் அரங்குக்கு நாற்காலிகள் வாங்க முடிவு செய்து, எங்களையும் இறக்குமதி வியாபாரியையும் ஆளுக்கொரு மாதிரி கொண்டுவரச் சொன்னது. இரண்டிலும் சபாவின் பொருளாளர் சந்திரசேகர் உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு. அவரைவிடக் கனத்த ஆள் அந்தச் சபாவில் கிடையாது. "இந்த ஆர்டரும் போச்சுன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான், சிவஞானம்" என்று சாந்தகுமாரி சொன்னார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

9-11-2003 ஞாயிறு காலை இரண்டு நாற்காலிகளும் சபாவின் பின்னறையில் இருந்தன. யாருடையது என்று தெரியாமலிருக்க, அடியில் இருந்த பெயர்களின் மேல் சபாக்காரர்கள் காகிதம் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் காபி குடிக்கப் போன சமயம் நான் உள்ளே போய், கறுப்பு ரப்பர் தெரிந்த நாற்காலியைக் கவிழ்த்து, பின்கால் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு வந்தேன். மற்ற நாற்காலியின் கால் ரப்பரை நான் பார்க்கவில்லை. நான் குழாய் வாங்க ஃபரீதாபாத் போயிருந்த வாரத்தில் சாந்தகுமாரி எங்கள் ரப்பரையும் கறுப்பாக மாற்றி மாதிரியைச் சபாவுக்கு அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு சந்திரசேகர், "ஜல்தி ஆகட்டும், கச்சேரிக்கு நாழியாறது" என்று சொல்லிக்கொண்டே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் உட்கார்ந்ததும் பின்கால் கழன்று விழுந்து, அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. காகிதத்தைக் கிழித்துப் பார்த்தார்கள். எங்கள் பட்டறைப் பெயர் இருந்தது.

அந்த நாற்காலிக்குப் போல்ட்டுப் பூட்டிய எங்கள் பட்டறைப் பெண் பவுனு, எதிராளியிடம் காசு வாங்கிக்கொண்டு போல்ட்டைத் தளர்வாக விட்டுவிட்டதாகச் சாந்தகுமாரி புகார் கொடுத்தார். ஜீப்பில் ஏற்றும்போது பவுனு என்னைப் பார்த்து, "நான் நல்லாத்தானண்ணே முடுக்குனேன், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். "சொல்றேம்மா" என்றேன். சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பவுனு போல்ட்டைத் தளர்வாக விடவில்லை. அவர் முடுக்கியதை ஸ்பானர் போட்டு ஒரு கையால் என்னால் அசைக்கவே முடியவில்லை. நாற்காலியை முழங்காலால் அமுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துத்தான் தளர்த்தினேன். வெளிநாட்டுக்காரன் சரக்கு சரக்குதான், நம் ஆட்களுக்கு இப்படி முடுக்க வராது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தமிழ் தெரிந்த காவலர் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
அ. சிவஞானம்