அடைத்த குழாய்

திருக்கோகர்ணத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்: "ஆமா, நான்தான் சிமெண்டக் கொழைச்சு அடைச்சேன். பட்டப்பகல்லதான் அடைச்சேன்."

பக்கத்தில் இருந்தவர் பதறினார். "மெதுவாப் பேசுங்க மதினி. ஒர்க்‌ஷாப்காரரு ஒங்க மேல மனு குடுத்திருக்காரு."

"குடுக்கட்டும். அது மழைத்தண்ணி போற வாய்க்கா. அதுல கொழாயப் போட்டு, வண்டி கழுவுற ஆயில் தண்ணிய விடுறாரு. போன மழைக்கு அம்புட்டும் எங்க தெருக் குளத்துல கருப்பா மெதந்துச்சு. எங்க மாடு தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துருச்சு."

"இப்ப முனிசிபல் ஆபீஸ்ல ஒங்களத்தான விசாரிக்கக் கூப்புடுறாங்க. பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம்? அந்தக் கொழாய்க்கு அனுமதி குடுத்தது யாருன்னு நானும் கேப்பேன்ல."

அப்போது ஜன்னலோரம் இருந்தவரின் போன் அடித்தது. கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "ஆபீசரு நேர்ல வந்து பாத்தாராம். ஆயில் தேங்கி நிக்கத் தொட்டி கட்டுற வரைக்கும் கொழாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒர்க்‌ஷாப்காரருகிட்டச் சொல்லிட்டாராம்."

"அப்பாடா! அப்ப வீட்டுக்குத் திரும்பிருவோமா?"

"எதுக்கு? வாயால சொன்னத மழை வந்தா மறந்துருவாங்க. எழுதி வாங்காம நான் திரும்ப மாட்டேன்."

பஸ் நின்றதும் அவர்தான் முதலில் இறங்கினார்.