வண்டியில் ஏற்றிய மரியாதை

மேடையில் இருக்கும் விசைத்தறிச் சங்கத்துப் பெரியவர்களே, மங்கலத்து மக்களே, முன்வரிசையில் துணைவரை இழந்து அமர்ந்திருக்கும் விஜயராணி அம்மா அவர்களே! எந்தக் கூட்டத்திலும் பின்னால் நின்று விசிலடிக்கும் இந்தத் தரணீதரனை இன்று மைக் முன்னால் நிறுத்திவிட்டீர்கள். விசில் வரவில்லை. வெட்கம்தான் வருகிறது.

சங்கத்தின் முன்னாள் தலைவர், தறிக்காரர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசிய அழகுமலை ஐயா மறைந்துவிட்டார். பஞ்சுத் தூசியில் பழுதான நுரையீரல் அவருடையது. "தெனமும் நடங்க. மூச்சு வாங்குனா நில்லுங்க, அடங்குனதும் மறுபடி நடங்க. உக்காந்துட்டா காலும் சோந்துரும், மூச்சும் சோந்துரும்" என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் கிருத்திகா அக்கா சொல்லி அனுப்பினார்.

நடந்தாரே அவர்! காலையில் பேக்கரி வரை நடந்தார். டீ வாங்கப் போகும் வழியில் மூச்சு வாங்கும். கரண்டு கம்பத்தைப் பிடித்து நிற்பார். நின்றவரை நாம் விட்டோமா?

"ஏனுங் சாமி, இப்படி எளைக்குது, நடந்தா போறீங்க? ஏறுங்க வண்டியில!"

"இல்லீங்க, நடக்கோணுங்க."

"அட, நாங்க இருக்கறப்ப நீங்க நடக்கறதாங்க? ஊரு என்ன பேசும்? ஏறுங்க!"

ஏறினார். மகுடேஸ்வரன் மாமா ஏற்றினார். நானும் ஏற்றினேன். ஏற்றி ஏற்றியே அவரை இறக்கிவிட்டோம்! பிறகு டீயே வீட்டுக்குப் போனது. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதே அவருக்குத் தாராபுரம் தூரமானது.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆசையாக் கூப்புடற மனுசன எப்படிக் கண்ணு வேண்டாங்கறது?" என்றார்.

நாம் கொன்றோம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நோய் நோய்தான். ஆனால் ஐயா இன்னும் கொஞ்ச காலம் தன் காலில் பேக்கரிக்குப் போயிருப்பார். அதை நம் மரியாதை பிடுங்கிக்கொண்டது. கூசவில்லையா நமக்கு?

ஐயாவோடு ஒரே தறிக்கூடத்தில் அதே தூசியை இழுத்த அவர் துணைவி விஜயராணி அம்மாவுக்கும் இப்போது அதே இளைப்பு. இந்தக் கூட்டத்துக்கு நடந்துதான் கிளம்பினார். வந்து இறங்கியது யார் வண்டியில்? மகுடேஸ்வரன் மாமா, தரையைப் பார்க்காதீர்கள்!

ஐயாவின் பெயரால் ஓர் உறுதி. இனி மூச்சு வாங்குகிறவர் நின்றால் நாமும் கூட நிற்போம், நடந்தால் கூட நடப்போம். வாயால் எடுக்கும் உறுதி வாசல் தாண்டாது என்பதால், வழக்கம்போல வண்டியிலேயே நீங்கள் விட்டுவந்த சாவிகளையெல்லாம் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்மா வீட்டு வாசலில் தருகிறேன்.

அம்மா, நீங்கள் முன்னால் நடங்கள். மூச்சு வாங்கினால் நில்லுங்கள். ஊரே நிற்கும்.