கைதட்டலுக்குத் திரும்பாத பிள்ளை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தியும் அவள் புருசனின் அக்காளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டரம்மா கைதட்டுனாக மதினி. இவன் திரும்பவே இல்ல. பிறந்த மறுநாளே வலிப்பு வந்த பிள்ளையாச்சே, மூளையைப் பாதிச்சிருச்சோன்னு எனக்கு உசுரே போச்சு."

"அட போட்டி! பட்டாசு வெடிச்சுப் பார்க்குற எடத்துக்குப் பக்கத்து வீடு. வெடிக்கே அசையாமத் தூங்குறவன் கைதட்டுக்கா திரும்புவான்?"

"உங்க தம்பியும் அதைத்தான் சொன்னாக. ‘சரி, வீட்டுல கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்க’ன்னாக டாக்டரம்மா. உங்க தம்பி பின்னால நின்னு மெதுவா ‘ஏலே’ன்னாக. சட்டுனு திரும்பிச் சிரிச்சான். ‘இப்போதைக்கு நல்லாருக்கான், மாசாமாசம் கூட்டிட்டு வாங்க’ன்னு சொல்லிட்டாக."

தானும் கூப்பிட்டுப் பார்க்காமல் அக்காளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குனிந்து, "ஏலே!" என்றாள்.

பிள்ளை திரும்பியது. கண்டக்டரும் திரும்பினார்.